பற்றீஸ் மீது சுமத்தப்படும் பழி

1985ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், டொராண்டோ நகரில் ஜமைக்கக் குடியேறிகள் நடத்திவந்த அடுமனைகளுக்குக் கனடிய அரசின் உணவு ஆய்வாளர்கள் ஓர் அறிவுறுத்தலோடு வந்தனர். அக்கடைகள் ‘பீஃப் பேட்டி’ என்று பெயரிட்டு விற்கும் பண்டம் சட்டப்படி பீஃப் பேட்டி ஆகாது என்பதே அறிவுறுத்தலின் சாரம். இறைச்சி தொடர்பான விதிகளின்படி அப்பெயருக்கு உரியது மாட்டிறைச்சியும் உப்பும் சுவையூட்டிகளும் மட்டுமே சேர்ந்த, பர்கருக்குள் வைக்கப்படும் வட்டமான இறைச்சித் துண்டு. மஞ்சள் நிற மாவு உறைக்குள் காரமான கொத்திறைச்சியை அடைத்துச் சுட்ட எதுவும் அப்பெயரைத் தாங்கக்கூடாது. பெயர்ப்பலகையை மாற்றவேண்டும், இல்லையேல் அபராதம். சில கடைக்காரர்கள் மறுத்தனர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் இதனைப் ‘பேட்டிப் போர்’ என்று பெயரிட்டுக் கொண்டாடின. இறுதியில் ‘ஜமைக்கன் பேட்டி’ என்று விற்றுக்கொள்ளலாம் என்னும் உடன்பாட்டோடு போர் ஓய்ந்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். இப்பண்டத்தின் பெயரைத் தமிழில் ஒலிபெயர்த்தால் அது நேர்காணலாகவோ தாயின் தாயாகவோ மாறிவிடும் இடர் உண்டு. ஆனால் ஈழத்தமிழர் நாவில் இதற்கு ஏற்ற சொல் முன்பே இருக்கிறது. அரைநிலா வடிவில் மடித்து, உள்ளே இறைச்சியோ மீனோ வைத்துப் பொரிக்கப்படும் ‘பற்றீஸ்’ யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் கொழும்புப் பேக்கரிகளிலும் எவருக்கும் தெரிந்த ஒன்று. அது ஜமைக்கப் பண்டத்தின் உடன்பிறப்பு அன்று; ஒரே ஆங்கிலேயச் சமையலறையிலிருந்து வெவ்வேறு குடியேற்ற நாடுகளுக்குப் போன தாயாதி எனலாம். அந்தச் சொல்லே இங்கும் எடுத்தாளப்படுகிறது. தமிழகத்து வாசகர் முட்டை பஃப்ஸை நினைத்துக்கொண்டாலும் பெரிய பிழையில்லை.

டொராண்டோ நிகழ்வு பெரும்பாலும் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. அதன் அடியில் உள்ள கேள்வி வேடிக்கையானதன்று: ஓர் உணவு இன்னது என்று வரையறுக்கும் அதிகாரம் யாருடையது? 1985இல் அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்தவர் இறைச்சி ஆய்வாளர். இன்று அது பெரும்பாலும் ஊட்டச்சத்து வல்லுநரின் கையில் இருக்கிறது. கரீபியத் தீவுகளில் நீரிழிவும் மிகை இரத்த அழுத்தமும் உடற்பருமனும் பெருகியிருப்பதைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்றப்படுவனவற்றுள் பற்றீஸ் ஒன்று. கொழுப்பு மிகுந்தது, உப்பு மிகுந்தது, வெள்ளை மாவால் ஆனது, பிள்ளைகளைக் கெடுப்பது. மறுபுறம் பண்பாட்டு ஆய்வுத் துறைகளில் அதே பற்றீஸ் ஒரு புனிதப் பொருள்: ஆங்கிலேயனின் மாவுப்பண்டம், ஆப்பிரிக்கரின் மிளகாய், இந்தியரின் மஞ்சள், சீனரின் வணிகம் எல்லாம் கலந்த கிரியோல் கலவையின் உண்ணத்தக்க சான்று. இவ்விரு துறையினரும் ஒரே வளாகத்தில் பணிபுரிகின்றனர். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதாகத் தெரியவில்லை. இரு கூற்றுகளும் அரைகுறையானவை. முதலாவது கூற்று கொஞ்சம் ஆபத்தானதும்கூட.

பண்டத்தை முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். கோதுமை மாவோடு கெட்டிக் கொழுப்பைச் சேர்த்துப் பிசைந்து, மடித்துத் தேய்த்து, அடுக்கடுக்காக உதிரும் உறை. அதன் பொன்னிறத்துக்கு மஞ்சள்தூள், கறித்தூள், சில தொழிற்சாலைகளில் அன்னாட்டோ அல்லது செயற்கை நிறம். உள்ளே நன்கு கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், வெங்காயத்தாள், தைம் இலை, ஜமைக்காவின் மண்ணுக்கே உரிய பிமென்டோ எனப்படும் ஆல்ஸ்பைஸ், நாவைச் சுடும் ஸ்காட்ச் பானெட் மிளகாய். இறைச்சியைக் கெட்டியாக்கவும் அளவைக் கூட்டவும் ரொட்டித்தூள். மதிய உணவாக உண்பவர்கள் இதனைக் கோகோ பிரெட் என்னும் மெத்தென்ற, சற்றே இனிப்பான, மடித்த ரொட்டிக்குள் செருகி உண்பர். மாவுக்குள் மாவு. சத்துணவு நூல் படித்தவர் தலையில் அடித்துக்கொள்வார். எட்டு மணி நேரம் சுமை தூக்குபவருக்கு அதன் பொருள் வேறு.

இதற்கு இணையான பண்டங்கள் கரீபியக் கடல் முழுவதும் உள்ளன. ஹெய்ட்டியில் அடுக்கு மாவில் உப்புக்கருவாடோ இறைச்சியோ வைத்த பட்டே. குராசாவோவில் காலையுணவாகும் பஸ்டெச்சி. புவெர்ட்டோ ரிக்கோவின் பஸ்டெலில்லோ. மார்த்தினிக்கில் கிறிஸ்துமஸ் காலத்தில் தவறாது இடம்பெறும் சிறு இறைச்சிப் பட்டேக்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதை போடவும் வாழைத் தோட்டங்களில் வேலை செய்யவும் கோஸ்டா ரிக்காவின் லிமோன் கரைக்குச் சென்ற ஜமைக்கர்கள் பற்றீஸையும் கொண்டுசென்றனர். அங்கே அது ‘பட்டி’.

மஞ்சளின் கதையை இந்திய வாசகர்கள் உடனே பற்றிக்கொள்வர். 1845 மே மாதம் ‘பிளண்டெல்’ என்னும் கப்பல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் இறக்கியது. 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிரெஞ்சுக்காரரின் மார்த்தினிக்கும் குவாதலூப்பும் முறையே 1853, 1854ஆம் ஆண்டுகளிலிருந்து இந்தியக் கூலிகளைப் பெற்றன. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறியவர்களுள் தமிழர் மிகப் பலர். அத்தீவுகளில் இன்றும் மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் சேர்ந்த பொடி ‘கொலம்போ’ என்னும் பெயரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் பற்றீஸின் மஞ்சள் நிறத்தை நேரே ஒப்பந்தக் கூலியின் அம்மியிலிருந்து வழிந்ததாகக் காட்டும் கட்டுரைகளைச் சற்று ஐயத்தோடுதான் படிக்கவேண்டும். ஹன்னா கிளாஸ் 1747இல் இலண்டனில் வெளியிட்ட சமையல் நூலிலேயே கறி செய்முறை உண்டு. ஆங்கிலேயக் குடியேற்றக்காரரின் அடுக்களைக்குக் கறி வேறு வழியிலும் வந்திருக்க இடமுண்டு. வம்சாவளிப் பெருமை ஆய்வுக்கு நல்ல துணையன்று.

பற்றீஸைத் தெருப்பண்டத்திலிருந்து தேசியப் பண்டமாக உயர்த்திய தொழில்முனைவோர் பலர் சீனவழி ஜமைக்கர். வின்சென்ட் சாங் 1966இல் கிங்ஸ்டனில் ‘டேஸ்ட்டி’ நிறுவனத்தைத் தொடங்கினார். ஜூக்கி சின் 1980இல் ‘ஜூசி பேட்டீஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தக் காலக்கோடு ஊட்டச்சத்து விவாதத்துக்கு முக்கியமானது. வீட்டிலோ சிறு அடுமனையிலோ கையால் செய்யப்பட்ட, வாய்க்கும்போது உண்ட பண்டம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒரே எடையில், ஒரே சுவையில், நாள்தோறும் எல்லாச் சந்திப்புகளிலும் கிடைக்கும் தொழிற்சாலைப் பொருளாயிற்று. ‘மரபுணவு’ என்று அதனைக் காப்பவரும் ‘மரபுணவே நோய்’ என்று அதனைத் தாக்குபவரும் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இனி, கணக்கு. கடைக்குக் கடை மாறினாலும், 140 முதல் 150 கிராம் எடையுள்ள ஒரு மாட்டிறைச்சிப் பற்றீஸ் ஏறத்தாழ 350 முதல் 450 கிலோகலோரி வரை ஆற்றல் தருகிறது. அதில் பாதியளவு கொழுப்பிலிருந்தே வருகிறது. அக்கொழுப்பிலும் கணிசமான பகுதி நிறைவுற்ற கொழுப்பு. புரதம் பத்துக் கிராமுக்குச் சற்று மேல். சோடியம் 600 முதல் 900 மில்லிகிராம் வரை. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு வகுத்துள்ள நாளொன்றின் உச்சவரம்பு 2000 மில்லிகிராம் என்பதால், ஒரு பற்றீஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேலே தொட்டுவிடுகிறது. கோகோ பிரெட்டையும் இனிப்புப் பானத்தையும் சேர்த்தால் ஒருவேளை உணவு 800, 900 கிலோகலோரியை எட்டும். பத்து வயதுச் சிறுவனுக்கு இது ஒரு நாள் தேவையில் ஏறத்தாழப் பாதி. இந்த எண்களை மறைப்பதில் பயனில்லை. பண்பாட்டைக் காரணம் காட்டி இவற்றைச் சிறிதாக்குவது அப்பண்பாட்டுக்கு உரியவர்களின் உடலை இழிவுபடுத்துவதாகும்.

ஆனால் எண்களை எங்கே தேடுவது என்பதில்தான் குளறுபடி. ‘மாட்டிறைச்சிப் பண்டம்’ என்று கேட்டதும் கொழுப்புக்கு இறைச்சியே காரணம் என்று மனம் முடிவுசெய்துவிடுகிறது. இறைச்சி பற்றீஸின் எடையில் சிறு பகுதிதான். ஆற்றலின் பெரும்பகுதியும் கொழுப்பின் பெரும்பகுதியும் உறையில் இருக்கின்றன. உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்து, துத்தநாகம், பி12 ஆகிய, அப்பண்டத்தில் இருக்கும் உண்மையான நன்மைகள் உள்ளிருக்கும் இறைச்சியில் இருக்கின்றன. இறைச்சி குறைந்து ரொட்டித்தூள் கூடும்தோறும் பற்றீஸ் மலிவாகிறது, சத்தும் குறைகிறது. இதே காரணத்தால், இறைச்சியை நீக்கிக் காய்கறி வைத்த பற்றீஸை ‘ஆரோக்கியத் தெரிவு’ என்று விற்பதும் பெருமளவு கண்கட்டு. கல்லலூ கீரையோ முட்டைக்கோசோ உள்ளே வந்தாலும் உறை அதே உறை.

அந்த உறையில் ஏன் அத்தனை கெட்டிக் கொழுப்பு? இதற்கு விடை ஒழுக்கத்தில் இல்லை, வெப்பநிலையில் இருக்கிறது. மாவு அடுக்குகளுக்கு இடையே கொழுப்பு திண்மமாக இருக்கவேண்டும். அடுப்பின் வெப்பத்தில் மாவிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும்போதுதான் கொழுப்பு உருகி அவற்றைப் பிரித்து நிறுத்துகிறது. அடுப்புக்குப் போகுமுன்பே உருகிவிட்டால் உறை உதிராது, பிசுபிசுக்கும். வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகுவது. கிங்ஸ்டனின் பகல் வெப்பம் 30 பாகைக்கு மேல். அடுமனைக்குள் அதனினும் மிகுதி. ஆகவே மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு, அதாவது 40 பாகைக்கு மேல்தான் உருகும் கொழுப்பு, வெப்பநாட்டு அடுமனைக்காரருக்கு இயல்பான தெரிவாயிற்று. ‘நல்ல எண்ணெய் பயன்படுத்துங்கள்’ என்று அறிவுரை சொல்பவர் ஒருமுறை மே மாத நண்பகலில் நல்லெண்ணெயில் அடுக்கு மாவு பிசைந்து பார்க்கலாம்.

பிறகு வனஸ்பதி வந்தது. இருபதாம் நூற்றாண்டில் விலங்குக் கொழுப்புக்கு மாற்றாகப் பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்பு உலகெங்கும் அடுமனைகளை நிறைத்தது. மலிவு, நெடுநாள் கெடாத்தன்மை, விரும்பிய உருகுநிலை. இதயத்துக்கும் இதுவே நல்லது என்னும் வல்லுநர் பரிந்துரை வேறு. 1990இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மென்சிங்க், காட்டன் ஆகியோரின் ஆய்வு, அதில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு தீய கொலஸ்ட்ராலைக் கூட்டுவதோடு நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது என்று காட்டியது. அதாவது, பாட்டியின் கெட்டிக் கொழுப்பைக் கைவிட்டு ஏற்ற புதுக்கொழுப்பு அதைவிடக் கேடானது. டென்மார்க் 2003இல் சட்டவரம்பு விதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. இந்தியா 2022 ஜனவரி முதல் 2 விழுக்காடு என்னும் வரம்புக்கு வந்தது. இந்த வரலாற்றில் எங்கும் பற்றீஸ் உண்பவரின் மனவலிமை ஒரு காரணி அன்று. அவர் வாங்கியது அதே பெயர், அதே நிறம், அதே விலை. கொழுப்பு மட்டும் அவரைக் கேளாமலே இருமுறை மாறியது.

உப்பின் கதை இன்னும் நீளமானது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு அளந்து தரப்பட்ட புரதம் பெரும்பாலும் வட அட்லாண்டிக்கிலிருந்து வந்த உப்பிட்ட மீன். நியூஃபவுண்ட்லாந்து, நியூ இங்கிலாந்துக் கரைகளில் உலர்த்தப்பட்ட காட் மீனில் தரமானது ஐரோப்பாவுக்குப் போயிற்று. உடைந்ததும் கழித்ததும் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்றே தரம் பிரிக்கப்பட்டன. அம்மீனை உப்பிடுவதற்கு உப்பு தந்த இடங்களுள் ஒன்று டர்க்ஸ் தீவுகள். அங்கே உப்பளத்தில் முழங்கால்வரை உவர்நீரில் நின்று உழைத்த மேரி பிரின்ஸ் என்னும் பெண்ணின் வாழ்க்கை வரலாறு 1831இல் இலண்டனில் அச்சாயிற்று. அடிமை வாரிய உப்பு வடக்கே போய், கழிவு மீனில் ஏறி, மீண்டும் அடிமையின் தட்டுக்கே வந்தது. ஒரு மக்கட்கூட்டத்தின் நாவில் உப்பு இப்படித்தான் குடியேறியது. சிட்னி மின்ட்ஸ் சர்க்கரையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல் டொராண்டோ நிகழ்வு நடந்த அதே 1985இல் வெளிவந்தது. உப்புக்கு அப்படியொரு நூல் கரீபியப் பக்கத்திலிருந்து எழுதப்படவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பொய்யான விளக்கத்தை விலக்கவேண்டும். கரீபியரிடமும் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடமும் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதற்கு மரபணுவே காரணம் என்றும், அடிமைக் கப்பல்களில் உடலில் உப்பைத் தேக்கிக்கொள்ளும் இயல்புடையவரே பிழைத்தனர், அவர்தம் சந்ததியினரே இன்று நோயுறுகின்றனர் என்றும் ஒரு கருதுகோள் பரவியது. கேட்பதற்குக் கவர்ச்சியான கதை. வரலாற்றாசிரியர் பிலிப் கர்ட்டின் 1992இல் அதன் வரலாற்று அடிப்படைகள் ஒவ்வொன்றையும் எடுத்துச் சோதித்து, அவை நிற்கவில்லை என்று காட்டினார். அதைவிட வலுவான மறுப்பு ரிச்சர்ட் கூப்பர் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்க வேர் கொண்ட ஏழு மக்கட்தொகுதிகளை ஒரே முறையில் அளந்தபோது மிகை இரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடு, கரீபியத்தில் 26, அமெரிக்காவில் 33. ஒரே வேர், கடல் தாண்டத் தாண்ட, உடல் எடையும் உப்பும் கூடக் கூட, எண் ஏறுகிறது. அவ்வாய்வில் ஜமைக்காவும் ஒரு களம். இரத்தத்தில் தேடியது சந்தையில் கிடைத்தது.

ஜமைக்காவின் 2016–17 உடல்நல, வாழ்க்கைமுறைக் கணக்கெடுப்பு சொல்வது இது: 15 வயதுக்கு மேற்பட்டோரில் மூவரில் ஒருவருக்கு மிகை இரத்த அழுத்தம், எண்மரில் ஒருவருக்கு நீரிழிவு, இருவரில் ஒருவருக்கு மேல் எடை மிகுந்தவர் அல்லது பருமனுற்றவர், பெண்களிடையே பருமன் ஆண்களைவிட இருமடங்குக்கும் மேல். கடைசி எண்ணைப் பற்றீஸால் விளக்க முடியுமா? ஆணும் பெண்ணும் அதே கடையில்தான் வாங்குகின்றனர். வேலையின் தன்மை, தெருவில் நடமாடும் பாதுகாப்பு, வீட்டுச் சுமை, வருமானம் என்று வேறு பல கதவுகளைத் தட்டினால்தான் அதற்கு விடை கிடைக்கும். பண்டத்தைக் குற்றம் சாட்டுவதில் உள்ள வசதி, அக்கதவுகளைத் தட்டவேண்டியதில்லை என்பது.

இன்னொரு திசையிலும் பார்க்கவேண்டியிருக்கிறது. கிங்ஸ்டனின் மோனா வளாகத்தில் 1950களில் ஜான் வாட்டர்லோ தொடங்கிய வெப்பமண்டல வளர்சிதைமாற்ற ஆய்வுப் பிரிவின் முதல் பணி உடற்பருமனைப் பற்றியதன்று. புரதமும் ஆற்றலும் போதாமல் வயிறு வீங்கிச் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளைக் காப்பது. அதே பிரிவு இரண்டு தலைமுறைக்குள் பருமன், நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிய ஆய்வுக்கூடமாக மாறியது. ஒரு நாட்டின் உணவு வரலாறு இதைவிடச் சுருக்கமாக எங்கும் எழுதப்படவில்லை. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, 16 கிராமப்புறப் பள்ளிகளில் ஓராண்டு காலை உணவு அளித்தபோது பிள்ளைகளின் எடையும் வருகையும் சிறிதளவு கூடியதையும், இளைய வகுப்பினர் எண்கணிதத்தில் முன்னேறியதையும் பதிவுசெய்தது. பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளை நேற்றைய வரலாறு ஆகிவிடவில்லை. அப்பிள்ளைக்குப் பள்ளி வாயிலில் கிடைக்கும் பற்றீஸ், அன்றைய நாளின் ஒரே இறைச்சியாகவும் இருக்கலாம். பருமனான நகர்ப்புற அலுவலரின் தட்டுக்கு எழுதிய தீர்ப்பை அந்தப் பிள்ளையின் கைக்கும் பொருத்துவது அறிவியல் ஆகாது.

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. 2007 செப்டம்பரில் கரீபிய நாட்டுத் தலைவர்கள் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடித் தொற்றா நோய்களுக்கு எதிராக வெளியிட்ட பிரகடனம் உலகில் அவ்வகையில் முதலாவது. ஜமைக்கா 2019 ஜனவரியில் 100 மில்லிலிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களைப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. பானத்தில் கைவைத்தது சரியான தொடக்கம். பற்றீஸோடு சேர்ந்து உள்ளே போகும் சர்க்கரை நீரில் எந்தச் சத்தும் இல்லை. அதனை எடுத்துவிட்டால் எந்தப் பிள்ளையும் எதையும் இழப்பதில்லை. அடுத்த படி உப்பாக இருக்கவேண்டும். பிரிட்டனில் 2001க்கும் 2011க்கும் இடையே ரொட்டியின் உப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைக்கப்பட்டது. படிப்படியாகக் குறைந்ததால் உண்பவர் நாவுக்கு அது தெரியவில்லை, விற்பனையும் சரியவில்லை. தைம், பிமென்டோ, வெங்காயத்தாள், ஸ்காட்ச் பானெட் என்று இத்தனை நறுமணம் அடைந்த பண்டத்தில் உப்பைக் குறைப்பது வெறும் ரொட்டியில் குறைப்பதைவிட எளிது. சில பெரிய நிறுவனங்களே சந்தையின் பெரும்பகுதியை வைத்திருக்கும் நாட்டில் இதற்கு இலட்சம் பேரின் மனமாற்றம் வேண்டியதில்லை. சில செய்முறைத் தாள்களில் சில எண்கள் மாறினால் போதும்.

உறையின் தடிப்பு, பற்றீஸின் எடை, இறைச்சிக்கும் ரொட்டித்தூளுக்கும் உள்ள விகிதம் ஆகியவையும் அப்படியே. 1985இல் கனடிய அரசு ‘பேட்டி’யில் எவை இருக்கலாம் என்று ஒரு விதியில் எழுதிவைத்திருந்தது. அந்த விதி குடியேறிகளை இடறியது என்பதால் வரையறை என்பதே தீது ஆகிவிடாது. பற்றீஸ் உண்ணும் மக்கள், தங்கள் பற்றீஸில் இவ்வளவாவது இறைச்சி இருக்கவேண்டும், இவ்வளவுக்கு மேல் உப்பு இருக்கலாகாது என்று தாங்களே வரையறுத்துக்கொள்வதில் என்ன இழிவு? மரபைப் பாதுகாக்கும் பேச்சு இந்த இடத்தில் மட்டும் மௌனமாகிவிடுவதைக் கவனிக்கவேண்டும். மரபு என்னும் சொல் அடுமனை முதலாளிக்குத் தரும் காப்பு, தெருவில் வாங்கி உண்பவருக்குத் தருவதில்லை.

இந்திய வாசகருக்கு இது அயலான விவாதமன்று. 2025 ஜூலையில், அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வைக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் விடுத்த அறிவுறுத்தல், சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட் பெட்டியைப்போல எச்சரிக்கை வருகிறது என்று செய்தியாகித் தீப்பற்றியது. ஒருபுறம் ‘நம் சமோசாவையா?’ என்னும் கொதிப்பு. மறுபுறம் ‘நம் மக்களுக்குக் கட்டுப்பாடே இல்லை’ என்னும் சலிப்பு. தெருக்கடைகளில் எச்சரிக்கை வைக்கச் சொல்லவில்லை என்று அரசு விளக்கம் தந்ததும் எல்லாரும் கலைந்தனர். எந்த எண்ணெய், எத்தனைமுறை காய்ச்சியது, யார் விற்பது என்னும் கேள்விகள் கேட்கப்படாமலே போயின. ஜமைக்காவில் பற்றீஸுக்கு நடப்பதும் இதுவே.

அத்தோடு ஒரு மேலதிகச் சுமை அங்கே உண்டு. கரீபியத் தீவுகளில் கோதுமை விளைவதில்லை. மஞ்சளும் மிளகாயும் தைமும் உள்ளூர் மண்ணில் வளரும். உறையின் மாவு முழுவதும் கப்பலில் வரும். உணவு இறக்குமதியை 2025க்குள் கால்பங்கு குறைப்பதாகக் கரீபியச் சமூக நாடுகள் எடுத்துக்கொண்ட உறுதி நிறைவேறாமல் 2030க்குத் தள்ளிவைக்கப்பட்டது. தைனோ பழங்குடியினர் காலந்தொட்டு மரவள்ளிக்கிழங்கிலிருந்து செய்யப்படும் பாமி ரொட்டி ஜமைக்காவில் இன்றும் உண்டு. ஆனால் மரவள்ளி மாவில் குளூட்டன் இல்லை; அடுக்கு உறையில் அது கோதுமையின் ஒரு சிறு பகுதியை மட்டுமே ஈடுசெய்யும். ஜமைக்காவின் புகழ்பெற்ற பீர் நிறுவனம் ஒன்று இறக்குமதித் தானியத்துக்குப் பகரமாக உள்ளூர் மரவள்ளியைப் பயன்படுத்தும் திட்டத்தை நடத்தியது. பீருக்குக் கிடைத்த அந்த அக்கறை பிள்ளைகளின் மதிய உணவுக்கும் கிடைத்திருக்கலாம்.

இப்போது கரீபிய நாடுகளில் சூடான விவாதம், பொட்டலங்களின் முகப்பில் சிலி நாட்டு முறையில் கறுப்பு எண்கோண முத்திரை இடுவதா என்பது பற்றியது. உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்தவற்றுக்கு அம்முத்திரை நல்ல கருவிதான். அதனை எதிர்க்கும் வணிகர் குரல்களில் பெரும்பாலானவை தன்னலம் சார்ந்தவை. ஆயினும் அது பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவுக்குரியது. உறைபதனப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டில் சூடாக்கும் பற்றீஸின் அட்டைமேல் அது விழும். கிங்ஸ்டனின் ஹாஃப் வே ட்ரீ சந்திப்பில், பள்ளி விட்ட மாலையில், கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் காகிதப் பையில் போட்டுத் தரும் பற்றீஸில் அதனை ஒட்ட இடமே இல்லை. அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்பது மாவு பிசையும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. விதி எழுதவேண்டியதும் அந்த இடத்துக்குத்தான்.